வாசனையே இல்லாத கடை

அழகுக்கலைத் தொழிலாளர் உடல்நலப் பாதுகாப்பு வாரியத்தில், தோல் சம்பந்தப்பட்ட மனுக்களைக் கீழ்த்தளத்தில் வாங்குவார்கள். மூச்சு சம்பந்தப்பட்ட மனுக்களை நான்காவது மாடியில் வாங்குவார்கள். லிஃப்ட் உண்டு. பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு அதை ஆறு வருடமாக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

பெரியவளுக்கு இரண்டு தொந்தரவும் இருந்தன. கீழ்த்தளத்தில் விரல்களைக் காட்டினாள். இருமல் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றாள். "அப்ப இது கலப்பு மனு. மேல போங்க" என்றார்கள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு முட்டி, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முடிக்குச் சாயம் போடுகிறவர். இன்னொருத்தி செயற்கை இமைமுடி ஒட்டுகிறவள். "முதல் தடவையா?" என்று விசாரித்து, நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

அவளைப் பெரியவள் என்றும் அவள் தங்கையைச் சின்னவள் என்றும்தான் வீட்டில் கூப்பிட்டுப் பழக்கம். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். பெரியவள் பதினொரு வருடமாக நகம் செய்கிறவள். நகம் வெட்டுவது அல்ல, வெட்டிய நகத்தின் மேல் இன்னொரு நகம் கட்டுவது. பிரஷ்ஷை அக்ரிலிக் லிக்விட்டில் தோய்த்து, பொடியில் தொட்டு, மணி மணியாக எடுத்து நகத்தின் மேல் வைத்து, இறுகுவதற்குள் வடிவம் பிடிக்க வேண்டும். பிறகு டிரில்லால் தேய்த்து, மேலே ஜெல் பூசி, நீல விளக்குக்குள் விரலை நுழைத்துக் காய வைக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து அதே பெண் வருவாள். அதே நகத்தை அசிட்டோனில் ஊற வைத்து, சுரண்டி எடுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு பேர், ஏழு பேர். கல்யாணம் ஆகப் போகிறவர்கள், இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள், புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள். எல்லாருடைய கதையும் பெரியவளுக்குத் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருப்பவளிடம் மனிதர்கள் எதையும் மறைப்பதில்லை.

லிக்விட்டின் நெடி கண்ணை எரிக்கும். தேய்க்கும்போது பறக்கும் தூள், மாவு மில்லில் வேலை பார்த்தவளைப் போலப் புருவம் வரை படியும். ஒருநாள் மாஸ்க் போட்டுக்கொண்டாள். முதலாளியம்மா பக்கத்தில் வந்து அன்பாகச் சொன்னாள். "நீ மாஸ்க் போட்டா வர்றவங்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வருது. அவங்க சந்தோஷப்படத்தானே இங்க வர்றாங்க." அடுத்த வாரம் கிளவுஸ் போட்டாள். "கிளவுஸ் போட்டுக் கையப் பிடிச்சா அவங்க கை அழுக்குன்னு நாம சொல்ற மாதிரி இருக்குமே" என்றாள் முதலாளியம்மா.

இரண்டு வருடத்துக்கு முன்னால் விரல் நுனியில் அரிப்பு வந்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாள். சோப்பை மாற்றினாள், மறுபடி மாற்றினாள். கொப்புளம் வந்தது, தோல் வெடித்தது. பிறகு நகம் சதையை விட்டுத் தூக்க ஆரம்பித்தது. தூக்கிய நகத்தின் மேல் சிவப்பு பாலிஷ் அடித்து மறைத்தாள். பல் டாக்டருக்குச் சொத்தைப் பல் இருந்தால் யார் வாயைத் திறப்பார்கள்? சாயங்காலமானால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பாலிஷ் அடிக்க வழியில்லை.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனாள். அந்த அம்மா அவள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"காயாத ஜெல் தோல்ல பட்டுப் பட்டு, உடம்பு அதை விரோதின்னு முடிவு பண்ணிடுச்சு. ஒரு தடவை முடிவு பண்ணினா மாத்திக்காது. பல் அடைக்கற பசையிலயும் இதே சாமான் உண்டு, நாளைக்குப் பல் அடைக்கப் போனாக்கூட இதை டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க."

"மாஸ்க் போட்டா சரியாகுமாம்மா?"

"சாதா மாஸ்க் தூளையே ஒழுங்காப் பிடிக்காது, ஆவியை எங்க பிடிக்கப் போகுது? மேஜைக்கு மேஜை உறிஞ்சற மெஷின் வேணும். உறிஞ்சினது குழாய் வழியா வெளிய போகணும். குப்பைத் தொட்டிக்கு மூடி வேணும். கூட வேலை பாக்கறவங்க யாராவது மாசமா இருக்காங்களா?"

பெரியவள் அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதைச் சரியாகக் கேட்கவில்லை. நான்காம் மேஜையில், பின்சுவரை ஒட்டி, ஜன்னல் இல்லாத மூலையில் உட்கார்ந்திருந்தவள் சின்னவள். அவளுக்கு நாலாம் மாதம். மூன்று வருடத்துக்கு முன்னால் அவளை இந்த வேலைக்குக் கூட்டி வந்தவளே பெரியவள்தான். வெயில் இல்லை, மழை இல்லை, உட்கார்ந்த இடத்தில் வேலை என்று சொல்லிக் கூட்டி வந்தாள்.

அன்றைக்கே மனு எழுதினாள். நாலே வரி. மேஜைகளுக்கு உறிஞ்சும் மெஷின் வேண்டும், அதற்கு வெளியே போகும் குழாய் வேண்டும், என் தங்கை கர்ப்பமாக இருக்கிறாள், தயவு செய்து சீக்கிரம் பாருங்கள்.

நான்காவது மாடியில் பாதுகாப்பு வாரத்தை முன்னிட்டுப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். தூசி வரக்கூடாது என்று ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். எழுத்தர் இருமிக்கொண்டே மனுவை வாங்கினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ரேகை வைங்க" என்று ஒரு சின்ன மெஷினை நகர்த்தினார்.

பெரியவள் கட்டைவிரலை வைத்தாள். மெஷின் சிவப்பாக எரிந்தது. ஆள்காட்டி விரலை வைத்தாள். சிவப்பு. பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று.

"மெஷின் உங்களை ஆள் இல்லைங்குது" என்றார் எழுத்தர்.

"அதுக்குத்தான் சார் வந்திருக்கேன். தோல் உரிஞ்சு ரேகை போயிடுச்சு."

"ரேகை போயிடுச்சுன்னு மனு குடுக்க ரேகை வேணுமே."

அவர் கெட்டவர் அல்ல. தன் கைக்குட்டையை நனைத்து அவள் விரலைத் துடைத்துவிட்டார். தன் விரலை வைத்துக் காட்டினார். மெஷின் பச்சையாக எரிந்தது. "பாத்தீங்களா, மெஷின்ல கோளாறு இல்லை" என்றார் வருத்தத்தோடு. பிறகு ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டி வழி கண்டுபிடித்தார். "அதே கடையில உங்க ரத்த சொந்தம் யாராவது வேலை பாத்தா, பதிலி மனுதாரரா அவங்க ரேகை வைக்கலாம். உங்க டாக்டர் சீட்டை இணைப்பா வெச்சுக்குவோம்."

சின்னவள் நாலு மாடி ஏறி வந்தாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று, "இது தேவையா அக்கா?" என்று கேட்டாள். "உனக்காகத்தான்டி" என்று ஒவ்வொரு மாடியிலும் பெரியவள் சொன்னாள். சின்னவள் விரலை வைத்ததும் மெஷின் பச்சையாக எரிந்து, ஒரு சின்ன இசையும் வாசித்தது. மனு சின்னவளின் மனு ஆயிற்று.

"இதெல்லாம் வெளிய தெரியாதே சார்?" என்றாள் சின்னவள்.

"பயப்படாதீங்கம்மா" என்று எழுத்தர் மனுவின் மேல் மூன்று இடத்தில் 'ரகசியம்' என்று சிவப்பில் குத்தினார்.

நாலாம் நாள் அதன் நகல் முதலாளியம்மா கையில் இருந்தது. ஒரு கடையைப் பற்றி ரகசியப் புகார் வந்தால், ரகசியத்தைக் காப்பாற்றுமாறு அந்தக் கடைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரியாமல் எப்படிக் காப்பாற்றுவது? ஆகவே புகாரின் நகலையும் இணைத்திருந்தார்கள். வாரியத்திலிருந்து வரும் எந்தக் கடிதத்தையும் பதினைந்து நாள் தொழிலாளர் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும் என்று இன்னொரு விதி. முதலாளியம்மா விதிகளை மீறுகிறவள் அல்ல. கைகழுவும் இடத்துக்கு மேலே ஒட்டினாள்.

அக்கா தங்கை இருவரையும் கூப்பிட்டாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார்கள். போடவில்லை.

"நான் உங்களை வேலைக்காரங்க மாதிரியா நடத்தினேன்? குடும்பம் மாதிரி இல்லையா? குடும்பத்துல ஒருத்தர் மேல ஒருத்தர் புகார் குடுப்பாங்களா?"

"உங்க மேல இல்லம்மா. மெஷினுக்குத்தான் கேட்டேன்" என்றாள் பெரியவள்.

"மெஷின்தானே? வாங்கிட்டாப் போச்சு" என்று முதலாளியம்மா சிரித்தாள். பிறகு சின்னவளை மட்டும் உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். கண்ணாடிக் கதவு. பெரியவள் ஒரு கல்யாணப் பெண்ணின் மோதிர விரலைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவளின் காலுக்கடியில் ஒரு முக்காலி போட்டிருந்தது.

ஆய்வாளர் எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் திடீர் ஆய்வுக்கு வருவார் என்று பத்து நாளுக்கு முன்பே கடிதம் வந்தது. அவர் உட்காரக் கைப்பிடி வைத்த நாற்காலி வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.

அவர் வந்த அன்று, நெடி போவதற்காகக் கடைக்கதவு காலையிலிருந்தே திறந்து கிடந்தது. அக்ரிலிக் வேலை கிடையாது, கை மசாஜ் மட்டும் என்று வாசலில் பலகை. நாலு மேஜையிலும் நாலு புதுப் பெட்டிகள். நீல வெளிச்சத்தோடு ரீங்காரம் இட்டன. முன்பக்கம் உறிஞ்சின. உறிஞ்சியதைப் பின்பக்கமாக அடுத்த மேஜைக்காரியின் மடியில் விட்டன. சுவரில் சட்டம் போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் ஐம்பது மாஸ்க் இருந்தன. பெட்டிக்குப் பூட்டும் இருந்தது.

ஆய்வாளருக்கு மூன்று நாளாகச் சளி. லீவு போடாமல் கடமைக்கு வந்திருப்பதை அவரே மூக்கடைத்த குரலில் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார்.

"உறிஞ்சும் கருவி உண்டா? உண்டு. மாஸ்க் உண்டா? உண்டு."

பெரியவள் எழுந்து வந்தாள். "சார், அந்தப் பெட்டியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. பின்னாடி குழாயே இல்லை."

ஆய்வாளர் அவளை அக்கறையோடு பார்த்தார். "அம்மா, கருவி உண்டா இல்லையான்னுதான் படிவத்துல கேட்டிருக்கு. எங்க உறிஞ்சி எங்க விடுதுன்னு கேக்கலை. அதைக் கேக்கணும்னா படிவத்தை மாத்தணும். அதுக்குன்னு ஒரு கமிட்டி இருக்கு. நான்தான் அதுக்குச் செயலாளர். எனக்கே தெரியும், அது கூடறதே இல்லை. நீங்க யாரு?"

"நான்தான் சார் புகார் குடுத்தது."

அவர் கோப்பைப் புரட்டினார். "இல்லையே. நீங்க இணைப்பு மூணு."

"சார்?"

"உங்க டாக்டர் சீட்டு இணைப்பு மூணா இருக்கு. மனுதாரர் உங்க தங்கச்சி. இணைப்பெல்லாம் பேச ஆரம்பிச்சா கோப்பு என்னத்துக்கு ஆகும்?" என்று சொல்லிவிட்டு, சின்னவளைப் பார்த்தார். "உங்களுக்கு இங்க ஏதாவது வாசனை வருதாம்மா?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். "இல்லை சார்."

"முன்னாடி வந்துச்சா?"

"இல்லை சார்."

"பின்ன ஏன் மனு?"

"அக்கா சொன்னாங்க."

பெரியவளுக்கு முதலில் அந்த 'ங்க'தான் காதில் விழுந்தது. பிறந்ததிலிருந்து சின்னவள் அவளை நீ, வா, போ என்றுதான் பேசியிருக்கிறாள். அம்மா இறந்த வீட்டில் ஒரே போர்வைக்குள் தூங்கியவர்கள். யாரிடமாவது அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால், "அக்கா சொன்னா" என்பாள். இப்போது, மூன்றாம் மனுஷியைச் சொல்வது போல, மரியாதையாகச் சொன்னாள். மனுவை வாபஸ் வாங்கும் தாளை ஆய்வாளர் தயாராகவே வைத்திருந்தார். மெஷினையும் பையிலிருந்து எடுத்தார். சின்னவள் விரலை வைத்தாள். அது மறுபடி அந்தச் சின்ன இசையை வாசித்தது.

பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரும் நின்றார்கள். முதல் பஸ்ஸைப் பெரியவள் விட்டுவிட்டாள்.

"ஏன்டி?"

"முதல் மேஜை தர்றேன்னாங்க. கதவுகிட்ட. காத்து வரும். பிரசவம் முடிஞ்சு வந்தாலும் வேலை இருக்கும்னு எழுதித் தர்றேன்னாங்க. அவர் ஃபாக்டரி மூடி ரெண்டு மாசம் ஆச்சு, உனக்குத் தெரியாததா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் உனக்காகத்தானே இவ்வளவும்..."

"எனக்காகன்னு நீ சொன்னே. நான் கேட்டேனா?" சின்னவள் குரலை உயர்த்தவில்லை. "மூணு வருஷம் முன்னாடி இந்தக் கடைக்குக் கூட்டிட்டு வந்தப்பவும் எனக்காகன்னுதான் சொன்னே."

அடுத்த பஸ் வந்தது. சின்னவள் ஏறி, ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து, முன்னால் பார்த்துக்கொண்டு போனாள். மறுநாள் பெரியவள் கடைக்குப் போனபோது அவளுடைய சாமான்களை, சின்னவள் காலி செய்த நான்காம் மேஜைக்கு மாற்றி வைத்திருந்தார்கள்.

அந்த வருடப் பாதுகாப்பு வாரத்தில் கடைக்குத் 'தூய சுவாச விருது' கிடைத்தது. மனு கொடுத்து மனநிறைவு பெற்ற தொழிலாளி என்று சின்னவளை மேடைக்கு அழைத்திருந்தார்கள். பெரியவளுக்கும் அழைப்பு இருந்தது. மேடையில் உட்காரும் பெண் உறுப்பினர்களுக்கு நகம் செய்து விடுவதற்காக.

மேடைக்குப் பின்னால் ஒரு அறை. 'முதலுதவி' என்று எழுதியிருந்தது. ஜன்னல் இல்லை. பெரியவள் கைப்பையிலிருந்து கிளவுஸ் எடுத்தாள். எதிரே உட்கார்ந்த உறுப்பினர் அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"அது வேண்டாம்மா. எனக்குக் கூசும்."

கிளவுஸ் பைக்குள் போயிற்று. நாலாவது விரல் வந்தபோது உறுப்பினர் அம்மா பெரியவளின் விரல்களைக் கவனித்தாள். "ஐயையே, என்ன இப்படி இருக்கு? கிளவுஸ் போடறதில்லையா? உங்க ஆளுங்ககிட்ட விழிப்புணர்வே இல்லை. இதைத்தான் நாங்க கூட்டத்துக்குக் கூட்டம் பேசறோம்."

"ஆமாம்மா" என்றாள் பெரியவள்.

தலைவர் பேச ஆரம்பித்தார். ஒலிபெருக்கி முதலுதவி அறைக்குப் பக்கத்திலேயே இருந்ததால் ஒரு சொல்லும் தப்பவில்லை.

"இந்த வாரியம் ஆரம்பிச்சுப் பதினாறு வருஷம். இன்னைக்கு வரைக்கும் எங்க பதிவேட்டுல ஒரே ஒரு நகத் தொழிலாளிக்குக்கூடத் தொழில்நோய் வந்ததா இல்லை. எப்படி முடிஞ்சுதுன்னு வெளியூர்ல எல்லாம் கேக்கறாங்க. ரொம்ப சுலபம். நோய் வந்தவர் தொழில் செய்யத் தகுதி இழந்துடறார். தகுதி இழந்தவர் தொழிலாளி இல்லை. தொழிலாளியே இல்லாதவருக்குத் தொழில்நோய் எப்படிங்க வரும்?"

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சில பேர் மாஸ்க், மாஸ்க்குங்கறாங்க. முகத்தை மூடிட்டா சிரிப்பு எப்படித் தெரியும்? சிரிப்புதான் இந்தத் தொழிலுக்கு முதல் கவசம். இன்னும் சில பேர் குழாய் வெச்சு ஆவியை வெளிய விடணும்கறாங்க. வெளிய யாரு இருக்கா? பொதுமக்கள். நம்ம ஆவியை நாமளே வெச்சுக்கறதுதான் சமூகப் பொறுப்பு. நான் என் ரூம்ல ஏசி போட்டு எல்லா ஜன்னலையும் சாத்தித்தான் வெச்சிருக்கேன். எனக்கு என்ன ஆயிடுச்சு?"

பிறகு சின்னவளைக் கூப்பிட்டார்கள். யாரோ எழுதிக் கொடுத்ததை அவள் வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போலவே, ஒவ்வொரு வரி முடிவிலும் நின்று வாசித்தாள்.

"எங்கள் கடையில் வாசனையே கிடையாது. எனக்கு இருந்த சந்தேகத்தை வாரியம் தீர்த்து வைத்தது. என் அக்கா பாதுகாப்புப் பழக்கங்களைப் பின்பற்றாமல் அலட்சியமாக வேலை செய்ததால், அவருக்கு மட்டும் கை கெட்டுப் போனது. அவரைப் பார்த்து நான் பாடம் கற்றுக்கொண்டேன். நன்றி."

உறுப்பினர் அம்மாவுக்கு இன்னும் இரண்டு விரல் பாக்கி இருந்தது. பெரியவள் இரண்டையும் முடித்து, நீல விளக்குக்குள் வைக்கச் சொல்லி, நேரம் பார்த்தாள்.

"பாவம், யாரோட அக்காவோ" என்றாள் உறுப்பினர் அம்மா.

ஒரு வாரத்தில் பெரியவளுக்கு வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. இணைப்பு மூன்றின்படி தாங்கள் இத்தொழில் செய்ய உடல்தகுதி அற்றவர் என்பது தங்களாலேயே நிரூபிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே தங்கள் தொழிலாளர் அட்டை ரத்து செய்யப்படுகிறது. உண்மையை மறைக்காமல் தெரிவித்து, பதிவேட்டைத் தூய்மையாக வைத்திருக்க உதவியதற்கு வாரியம் நன்றி தெரிவிக்கிறது.

முதலாளியம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். "எனக்கு மனசே இல்லை. ஆனா வாரியமே சொல்லும்போது நான் விதியை மீறலாமா?" என்றாள். பெரியவள் தன் பிரஷ்களைப் பையில் போட்டாள். முதல் மேஜையில் சின்னவள் ஒருத்தியின் கட்டைவிரலில் பூ வரைந்துகொண்டிருந்தாள். அவ்வளவு கவனமாக அவள் பூ வரைந்து பெரியவள் பார்த்ததில்லை. தலை நிமிரவே இல்லை.

இன்னொரு தடவை நாலு மாடி ஏறினாள் பெரியவள். எழுத்தர் அவளை அடையாளம் கண்டு எழுந்தே நின்றார். மேல்முறையீடு செய்யலாம் என்றும், அதற்கு ரேகை அவசியம் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க மனு வீண்போகலைங்க" என்று சுவரைக் காட்டினார். அவள் எழுதிய நாலு வரியைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். மேலே, 'மாதிரி மனு. இவ்வாறு தெளிவாகவும் சுருக்கமாகவும் எழுதவும்.' பெரியவள் நின்று அதைப் படித்தாள். என் தங்கை கர்ப்பமாக இருக்கிறாள் என்ற வரிக்கு அடியில் யாரோ பச்சை மையால் கோடிட்டிருந்தார்கள். உருக்கத்துக்கு உதாரணம் என்று ஓரத்தில் எழுதியிருந்தது.

அவள் வீட்டுக்காரர் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவர். அதிகம் பேசமாட்டார். "விடு. மூச்சு விட முடிஞ்சாப் போதும்" என்றார். பெரியவள் ஒரு பள்ளிக்கூட வேனில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையிலும் பிற்பகலிலும் பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றி இறக்குவது. ஜன்னல் இருந்தது, காற்று இருந்தது. மூன்று மாதத்தில் விரல் வெடிப்புகள் ஆறின. நெஞ்சுச் சத்தம் குறைந்தது, நிற்கவில்லை.

சின்னவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கை கால் எல்லாம் நல்லபடியாக இருந்தது. அது தெரிந்த பிறகுதான் பெரியவள் அன்றைக்கு முதல் வாய் தண்ணீர் குடித்தாள். மாமியார் வீட்டார் எல்லாரும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"தூக்கிக்கோ அக்கா" என்றாள் சின்னவள்.

"கை வெடிச்சிருக்கு. பிள்ளைக்குக் குத்தும்" என்றாள் பெரியவள். ஆறிப்போன கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். வாங்கி வந்த சட்டைகளைக் கட்டில்மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சின்னவள் வாசலில் வந்து நின்றாள். தனியாக வந்திருந்தாள். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாரேன்."

ஆள்காட்டி விரல் நுனி சிவந்து உரிந்திருந்தது. நகம் ஒரு ஓரம் தூக்கியிருந்தது. பெரியவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே குனிந்து பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம் இருக்கும். மொதல்ல சோப்புன்னு நெனச்சேன்."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் நெனைப்பாங்க."

"நான் கதவுகிட்டதானே அக்கா உக்காந்திருக்கேன். காத்து நல்லா வருதே."

"காத்து வந்தா மூச்சுக்கு நல்லது. இது மூச்சு இல்லை. காயாத ஜெல் தோல்ல பட்டு வர்றது. எங்க உக்காந்தாலும் வரும்."

சின்னவள் விரலை மறுபடி தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். அழவில்லை. "அன்னைக்கு அவங்க எழுதிக் குடுத்ததைத்தான் படிச்சேன். அந்த வரி இருக்கும்னு எனக்குத் தெரியாது. பாதி படிச்சுட்டு எப்படி நிறுத்தறது?"

பெரியவள் உள்ளே போனாள். வேன் பிள்ளைகளின் பெயர்த்தாள் ஒன்றைக் கிழித்து, நின்றபடியே அதன் பின்பக்கத்தில் எழுதினாள். நைட்ரைல் கிளவுஸ் வாங்கு, மருந்துக்கடையில் கேள், வெள்ளை ரப்பர் வேண்டாம். ஒவ்வொரு ஆளுக்கும் மாற்று. ஜெல் கிளவுஸ்மேல் பட்டால் உடனே மாற்று, உள்ளே இறங்கிவிடும். பிரஷ்ஷின் கழுத்தைத் துடைத்துவிட்டுப் பிடி. கையில் பட்டதை அசிட்டோனால் துடைக்காதே, சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவு. தொட்டியை மூடு. வேலைத் துணியோடு பிள்ளையைத் தூக்காதே. டாக்டரிடம் இந்த வாரமே போ, தள்ளிப் போடாதே. பல் டாக்டரிடமும் சொல். டாக்டரின் பெயரையும் அவர் உட்காரும் கிழமைகளையும் கீழே எழுதினாள். இடம் போதாமல், கடைசி இரண்டு வரியை ஓரத்தில் குறுக்காக எழுதினாள்.

சின்னவள் வாங்கி, வாசலிலேயே நின்று முழுக்கப் படித்தாள். இரண்டாய் மடித்தாள், நாலாய் மடித்தாள். போகாமல் நின்றாள்.

"உள்ள வரட்டுமாக்கா?"

"பிள்ளை பால் குடிக்கிற நேரம்" என்றாள் பெரியவள். "போ."